கேளுங்க அக்கா: ஜிடி ரவுண்டுல வாய் வரமாட்டேங்குது!

கேள்வி: அக்கா, நான் திருவாரூர் பக்கம் கவர்மென்ட் காலேஜ்ல பி.காம் மூணாவது வருஷம். ஸ்கூல் முழுக்க தமிழ் மீடியம். கேம்பஸ் இன்டர்வியூல ஆப்டிட்யூட் கிளியர் பண்ணிட்டேன், ஆனா குரூப் டிஸ்கஷன்ல (ஜிடி) ஒரு வார்த்தை கூட வரல, வெளிய அனுப்பிட்டாங்க. சாஃப்ட் ஸ்கில் கோர்ஸுக்கு ஒரு இடத்துல பதினெட்டாயிரம் கேக்குறாங்க, சேரலாமா?

பதில்: வேணாம்மா, அந்தக் காசு வீட்லயே இருக்கட்டும். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல ஆரம்பிச்ச 'நான் முதல்வன்' திட்டத்துல காலேஜ் பசங்களுக்கு இங்கிலீஷ் பேச்சு, வேலைக்கு வேண்டிய திறன் பயிற்சி எல்லாம் ஃப்ரீயாவே இருக்கு, உங்க காலேஜ்ல அத பாத்துக்குற சார் யாருன்னு கேளு, ஆனா சும்மா அட்டெண்டன்ஸுக்கு போய் உக்காந்துட்டு வந்தா அதுவும் வேஸ்ட்தான்.

ஜிடி விஷயத்துக்கு வரேன். நாலு ஃப்ரெண்ட்ஸ சேத்துக்கிட்டு பேப்பர்ல ஒரு டாபிக் எடுத்து பத்து நிமிஷம் பேசுங்க, முதல் வாரம் சுத்தமா தமிழ்லயே. தமிழ்லயும் ரெண்டு நிமிஷத்துல சரக்கு தீந்துடுச்சுன்னா உனக்கு பிரச்சனை இங்கிலீஷ் இல்ல, படிக்கிறது பத்தல (நிறைய பேருக்கு இதான், இங்கிலீஷ் மேல பழி போட்டுட்டு சுத்துறாங்க). அப்புறமா இங்கிலீஷுக்கு மாறுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, கேக்க கூச்சமா இருக்கும், பரவால்ல. 'ஐ வுட் லைக் டு ஆட் எ பாயிண்ட்' மாதிரி ரெண்டு மூணு ஆரம்ப வரி வாய்ல பழகியிருக்கணும், அடுத்தவங்க சொன்னத புடிச்சு உங்க ஊர் உதாரணம் ஒண்ண சேத்தாலே போதும். லேட்டாக ஆக பயம் ஏறும், அதனால சீக்கிரமே ஒரு தடவ வாயத் திறந்துடு. கத்துறவனுக்கு மார்க் விழும்னு நெனச்சுக்காத, அடுத்தவங்கள பேச விடுறியான்னும் பாப்பாங்க.

கேள்வி: ரெஸ்யூம்ல 'டீம் பிளேயர்'னு போட்டிருந்தேன். ஹெச்ஆர் உதாரணம் கேட்டாரு, முழிச்சுட்டேன். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) தவிர நான் எதுலயும் இல்லக்கா. – ஒரு தம்பி, தேனி

பதில்: அட, அதவிட என்ன வேணும் தம்பி! என்.எஸ்.எஸ்.ன்னா ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், கூடவே ஏழு நாள் கேம்ப். அந்த ஏழு நாள்ல தண்ணி வராம போயிருக்கும், சமையல்ல சண்டை வந்திருக்கும், வரேன்னு சொன்னவன் வராம இருந்திருப்பான், அப்ப நீ என்ன பண்ண? என்ன சிக்கல், உன் பொறுப்பு என்ன, நீ செஞ்சது என்ன, கடைசில என்ன ஆச்சு, இந்த வரிசைல ஒன்றரை நிமிஷத்துல சொல்லிப் பழகு. 'நாங்க செஞ்சோம்'னே முழுசும் சொல்லாத, நீ செஞ்சத தனியா சொல்லு. அந்த 'டீம் பிளேயர்' வார்த்தைய எடுத்துட்டு கேம்ப்ல நீ பாத்த வேலைய ஒரு வரியா போடு.

கேள்வி: அம்பது கம்பெனிக்கு மெயில் போட்டேன், ஒருத்தரும் பதில் போடல. ஏன்?

பதில்: சப்ஜெக்ட் லைன் காலியா விட்டு, அம்பது பேரையும் ஒரே மெயில்ல வரிசையா போட்டு அனுப்புனியா? மெயில் ஐடியும் ஏதாவது 'கெத்து', 'மாஸ்'னு ஆரம்பிக்குதான்னு பாத்துக்கோ.