பொறியியலிலிருந்து வரலாற்றுக்கு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டை இந்த மாதம் முடிக்கிறேன். கணக்கில் ஓர் அரியர் உண்டு. மற்ற தாள்களில் குறையில்லை. அப்பா மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார். கல்விக் கடனில்தான் படிக்கிறேன்.

தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்த நாளிலிருந்து மனம் வரலாற்றிலேயே நிற்கிறது. எங்கள் ஊரில் வேடியப்பன் என்று கும்பிடும் கல்லும் ஒரு நடுகல்தான் என்று அன்றுதான் தெரிந்தது. பழங்காலத் தமிழ் எழுத்தான வட்டெழுத்தை நானே கற்றுக்கொண்டு, ஒரு விடுமுறை நாள் முழுவதும் அந்தக் கல்லின் முன் உட்கார்ந்து ஒரே ஒரு வரியைப் படித்தேன். தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்து, பின்னாளில் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக விரும்புகிறேன். மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்கிறது கல்லூரி. “ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சிடும்மா, அப்புறம் உன் இஷ்டம்” என்கிறார் அப்பா. முடித்துவிட்டு மாறுவதா, இப்போதே மாறுவதா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள மாணவிக்கு,

இப்போதே மாறுங்கள் என்பதுதான் என் எண்ணம். படிப்பை மாற்ற விரும்பும் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் உள்ள இரண்டு செய்திகள்தான் என்னை இப்படிச் சொல்ல வைக்கின்றன.

முதலாவது, அந்த ஒரு வரி. சேர்ந்த படிப்பு கசந்துபோனவர்களுக்கு எட்டி நிற்கும் எந்தப் பாடமும் இனிப்பாகத்தான் தெரியும். அப்படி மாறிப் போனவர்களில் பலர், புதிய பாடத்தின் அலுப்பான பகுதி வந்ததும் மறுபடியும் தளர்ந்துவிடுகிறார்கள். நீங்களோ அந்த அலுப்பான பகுதியிலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏறிப்போன ஒரு கல்லில், தேய்ந்த வட்டெழுத்தை விரலால் தடவி, இது ககரமா சகரமா என்று பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்க எல்லோராலும் முடியாது. கல்வெட்டுப் படிப்பவர்களின் வேலை பெரும்பாலும் இதுதான். கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்தில் தாளைப் பதித்து, மை ஒற்றி எடுத்த படியை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் போராடினால், ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது மடிந்த ஒருவனின் பெயர் கிடைக்கும். அந்த உழைப்பு உங்களுக்குப் பிடித்திருக்கிறது. கணக்கில் உள்ள அரியர் இதில் ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது, நீங்கள் ஆக விரும்புவது மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், அவற்றோடு பி.எட். பட்டமும் வேண்டும். எனவே பி.இ. முடித்து, எந்தப் பட்டதாரியையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்தாலும் அந்தப் பணி கைக்கு எட்டாது, பி.ஏ. வரலாற்றுக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். இன்று மாறினால் பி.ஏ. 3 ஆண்டு, எம்.ஏ. 2 ஆண்டு, பி.எட். 2 ஆண்டு என்று 7 ஆண்டுகள். அப்பா சொல்லும் வழியில் இவற்றுக்கு முன்னால் மேலும் 2 ஆண்டுகள் சேர்ந்து 9 ஆண்டுகளாகும், அவற்றுக்கான கடனும் சேரும். ஆட்சிப் பணித் தேர்வோ குரூப் 1 தேர்வோ உங்கள் குறியாக இருந்திருந்தால், எந்தப் பட்டமும் போதும் என்பதால், நான் அப்பாவின் பக்கம் பேசியிருப்பேன். கல்லூரி ஆசிரியப் பணி என்றாலும், முதுகலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான் முதன்மைத் தகுதி என்பதால், யோசிக்கச் சொல்லியிருப்பேன்.

இடைவழி ஒன்றும் உண்டு. ஒரு பட்டத்தை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் ஒரே காலத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அனுமதித்தது. ஆனால் ஒரே காலத்தில் பெற்ற பட்டங்களை ஆசிரியப் பணிக்கு ஏற்பார்களா என்று எழுத்துமூலம் கேட்டுத் தெளியாமல் அதில் இறங்கக் கூடாது. உங்களுக்கு வகுப்பறையும், உடன் களத்துக்கு வரும் தோழர்களும் தேவை என்றும் நினைக்கிறேன்.

கல்லூரி சொல்வதற்கு அஞ்ச வேண்டாம். மாணவர்களின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது, படிக்கும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்துக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. நடத்தாத வகுப்புக்குக் கட்டணம் கேட்பது அநியாயம். கிராமத்துப் பெற்றோர் சட்டம் அறியமாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் இது நடக்கிறது. வாயால் வாதாடாதீர்கள். அந்த அறிவிக்கையின் படியை இணைத்து, கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு அனுப்பலாம்.

அப்பாவிடம் பேசுவதுதான் இதில் கடினம். அவர் உங்கள் ஆசைக்கு எதிரி அல்லர். கட்டிய பணம் வீணாகிறதே என்று தவிக்கிறார். ஆனால் அவர் செய்யும் தொழிலிலேயே இதற்கு விடை இருக்கிறது. பால்நோய் கண்ட புழுக்களை அப்புறப்படுத்தும்போது, அவை அதுவரை தின்ற தழைக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எஞ்சிய தழையை எதற்குக் கொடுப்பது என்றுதான் பார்ப்பார்கள். கட்டிய கட்டணம், படிப்பை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் திரும்பப் போவதில்லை. 7, 9 என்ற அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். ஓசூரிலும் பெங்களூரிலும் உடனே கிடைத்திருக்கக்கூடிய சம்பளம் இந்த வழியில் இல்லை என்பதையும், ஆசிரியப் பணித் தேர்வில் போட்டி கடுமையானது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. 2004 வரை அந்த ஊரும் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் இங்குள்ள பிள்ளைகளில் பலர், தங்கள் ஏரிக்கரையில் நிற்கும் கல் இன்னதென்று அறியாமலே பள்ளியை முடிக்கிறார்கள். அதை அவர்களுக்குச் சொல்ல ஓர் ஆசிரியர் வருவார் என்ற நினைப்பே எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

வேலைகளின் வரிசையில் மட்டும் தவறிவிடாதீர்கள். முதலில் வங்கி மேலாளரைப் பாருங்கள். படிப்பை விட்டால் கடனைத் திருப்பிச் செலுத்துவது எப்போது தொடங்கும், புதிய படிப்புக்கு அவகாசத்தை நீட்டிப்பார்களா என்பதை எழுதி வாங்கிக்கொண்டு, கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் அடுத்த தவணையை நிறுத்தச் சொல்லுங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் தொடங்கியதும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு விண்ணப்பித்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் சேர்க்கையின்போதுதான் தேவைப்படும். அது கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் கடைசி நாள் கடந்துவிடும்.