வெயிலுக்குக் காத்திருந்தபோது

ஆசிரியருக்கு, மெக்சிகோவில் மொனார்க் பட்டாம்பூச்சிகளைப் பார்த்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். யூடியூபில் கிடைப்பதை அவ்வளவு தூரம் போய்ப் பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போவதற்கு முன் நானும் நிறைய வீடியோ பார்த்தவன்தான். எல்லாவற்றிலும் முதல் நொடியிலிருந்தே பறந்துகொண்டிருக்கும். நான் போன பிப்ரவரிக் காலையில், மிச்சோவகான் மாநிலத்தின் எல் ரொசாரியோவில், கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்துக்கு மூச்சுவாங்க ஏறிப் போய் நின்றால் ஒரே மேகமூட்டம், ஓயமெல் என்கிற ஊசியிலை மரங்களில் கொத்துக்கொத்தாகச் சருகு. இதற்கா வந்தோம் என்றிருந்தது. சருகு இல்லை, சிறகு மூடிய பூச்சிகள் என்று வழிகாட்டி காதோரமாகச் சொன்ன பிறகுதான் கிளைகள் பாரத்தில் வளைந்திருப்பதே தெரிந்தது. ஒரு பூச்சி அரை கிராம்தான், கிளையே வளைகிறது என்றால் எத்தனை இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரொம்ப நேரம் கழித்து வெயில் வந்தது. முதலில் ஒரு மரம் மட்டும் ஆரஞ்சாகத் திறந்தது, அப்புறம் பக்கத்து மரம், அப்புறம் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. நான் எதிர்பார்க்காதது அந்தச் சத்தம். இலைமேல் தூறல் விழுகிற மாதிரி. அங்கே பேசக்கூடாது என்பதால்தான் கேட்டது. வீடியோக்காரர்கள் இதன்மேல் பியானோவைப் போட்டுவிடுகிறார்கள், பாவிகள்.

இன்னொன்று, கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நவம்பரில் வந்து சேர்பவை, முந்தைய மார்ச்சில் மெக்சிகோவிலிருந்து வடக்கே கிளம்பியவை அல்ல, அவற்றின் பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன்கள். கோடையில் பிறப்பவை சில வாரங்களில் முடிந்துவிடும், இந்தத் தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை இருக்கும். பார்த்தே இராத மலைக்கு எப்படி வருகின்றன? சூரியனை வைத்துத் திசை பிடிக்கின்றன, அதற்கான கடிகாரம் உணர்கொம்பில் இருக்கிறது என்கிறார்கள். அவை வருவது, மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் இறந்தோர் தினத்தை ஒட்டி என்பதால் முன்னோர்தான் திரும்பி வருகிறார்கள் என்பது ஊர்க்காரர்கள் நம்பிக்கை. வெளி ஆய்வாளர்கள் இந்தக் காட்டைக் 'கண்டுபிடித்தது' 1975-இல், ஊர்க்காரர்களுக்கோ அது எப்போதும் தெரிந்த இடம்.

சரி, மெக்சிகோ டிக்கெட்டுக்குக் காசில்லையா? தெருவோர எருக்கஞ்செடிக்குப் போங்கள். மொனார்க் புழு தின்னும் பால்செடிக்கு எருக்கு சொந்தம், எருக்கில் மேய்கிற வெந்தய வரியன் என்கிற நம்மூர்ப் பட்டாம்பூச்சி மொனார்க்குக்கு நெருங்கிய சொந்தம். இலையை மெதுவாகத் திருப்பினால் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரி போட்ட புழு இருக்கும். பால் கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.