கிறிஸ்து பிறப்புக் காலம் என்று முடிகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் கிறிஸ்து பிறப்புக் குடிலைப் பிரித்துவிட வேண்டும் என்கிறார் என் மாமியார். பிப்ரவரி 2 வரை வைத்திருப்பதே பழைய கத்தோலிக்க மரபு என்று சிலர் உறுதியாக எழுதுகிறார்கள். பங்குக் கோவிலில் கொடுத்த நாட்காட்டியோ, இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்றதை நினைவுகூரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்கு மறுநாளே, சிறப்புக் காலங்களில் சேராத பொதுக்காலம் தொடங்குவதாகக் காட்டுகிறது. எது சரி?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

பங்கு நாட்காட்டி சொல்வதே இன்றைய திருச்சபை ஒழுங்கு. 1969-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்த பொது நாட்காட்டியின்படி, கிறிஸ்து பிறப்புக் காலம் டிசம்பர் 24 மாலைச் செபத்தில் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு நிறைவடைகிறது. அவ்விழா வழக்கமாகச் சனவரி 6-க்கு அடுத்த ஞாயிறு. இந்தியாவில் மூவிராசாக்கள் திருநாளான திருக்காட்சிப் பெருவிழாவைச் சனவரி 2 முதல் 8 வரையிலான ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுவதால், அந்த ஞாயிறு 7 அல்லது 8-ஆம் தேதியாக அமையும் ஆண்டுகளில் திருமுழுக்கு விழா மறுநாள் திங்களுக்குத் தள்ளிப்போகிறது. 2023-இல், திருக்காட்சியைச் சனவரி 6-லேயே கொண்டாடும் உரோமையில் சனவரி 8 ஞாயிறோடு முடிந்த காலம், நமக்கு 9-ஆம் தேதி திங்கள் வரை நீண்டது. வேலைநாளில் வருவதால் அந்த நிறைவு பலர் கவனத்துக்கு வராமலே போவது எனக்கு வருத்தம் தருகிறது.

பிப்ரவரி 2-ஐச் சொல்வோரிடமும் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறொரு கணக்கு. 1960-இன் வழிபாட்டு ஒழுங்குவிதிகளும் காலத்தின் முடிவாகச் சனவரி 13-ஐயே குறித்தன. அதன்பின் வந்த ஞாயிறுகளில் குருவானவர் சிறப்புக் காலமல்லாத நாள்களுக்குரிய பச்சைத் திருவுடையே அணிந்தார். ஆயினும், இரவுச் செபத்தின் முடிவில் பாடப்படும் 'அல்மா ரெதெம்ப்தோரிஸ் மாத்தேர்' என்ற மரியன்னை பாடல் பிப்ரவரி 2 வரை தொடர்ந்தது. அன்றைய திருப்பலியிலும் நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரையாகிய தொடக்கவுரை, கிறிஸ்து பிறப்புக்குரியதே சொல்லப்பட்டது. டிசம்பர் 25-ஐயும் சேர்த்து எண்ணினால் பிப்ரவரி 2 நாற்பதாம் நாள். மகனைப் பெற்ற தாயின் தூய்மைச் சடங்குக்கு லேவியர் நூல் குறிக்கும் நாள்களையொட்டி, குழந்தையைப் பெற்றோர் கோவிலுக்குக் கொண்டுசென்றதை லூக்கா எழுதுகிறார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எஜேரியா என்ற பெண்மணி, திருக்காட்சியிலிருந்து நாற்பதாம் நாளை அங்கே பெருஞ்சிறப்போடு கொண்டாடியதைப் பதிவு செய்திருக்கிறார். ஆக, பிப்ரவரி 2 என்பது கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணப்படும் கடைசித் திருநாளே தவிர, காலத்தின் எல்லை அன்று.

திருமுழுக்கோடு முடிப்பதே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். திருக்காட்சியன்று மாலைச் செபத்தில் பாடலுக்கு முன்னும் பின்னும் வரும் சிறு வரியான பழைய முன்மொழி ஒன்று, மூவிராசாக்கள் எனப்படும் ஞானியரை விண்மீன் வழிநடத்தியதையும், கானாவில் தண்ணீர் இரசமானதையும், யோர்தானில் கிறிஸ்து திருமுழுக்குப் பெற்றதையும் ஒரே நாளின் மறைபொருளாகச் சேர்த்துப் பாடுகிறது. மாட்டுத்தொழுவத்தில் இடையர் சிலர் மட்டும் கண்ட குழந்தை, யோர்தான் கரையில் எல்லார் முன்னும் இறைமகனாக அறிவிக்கப்படும்போதுதான் அந்த வெளிப்பாடு முழுமை பெறுகிறது.

வீட்டுக் குடிலுக்கு எந்தச் சட்டமும் இல்லை. உங்கள் மாமியார் விருப்பப்படியே பிரிக்கலாம். பிப்ரவரி 2 வரை வைப்பதற்கும் தடையில்லை. என்னைக் கேட்டால், திருமுழுக்கு விழாவன்று மாலை குடும்பமாகச் செபித்துவிட்டுக் குடிலைப் பிரித்துவிடுங்கள்.