பிஸ்மார்க் பனையில் அடி ஓலை காய்கிறது, வெட்டலாமா?

கேள்வி: தாண்டிக்குடியில் காபி, மிளகு வைத்திருக்கிறோம். வீட்டு வாசலில் எடுப்பாக ஒன்று நிற்கட்டும் என்று இரண்டு வருடம் முன்பு கீழே ஒரு நர்சரியிலிருந்து 8 அடி பிஸ்மார்க் பனையை லாரியில் ஏற்றி வந்து நட்டோம். முதல் வருடம் நன்றாக இருந்தது. போன ஐப்பசி மழைக்குப் பிறகு அடி ஓலை நான்கில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து நுனி கருகிவிட்டது. நர்சரிக்காரர், "கீழ் ஓலையெல்லாம் எடுத்துடுங்க, வாரம் ஒரு தடவை 19:19:19 உரம் ஊத்துங்க, குருத்து பாய்ஞ்சு வரும்" என்கிறார். வெட்டலாமா ஐயா? வேறு உரம் உண்டா?

பதில்: வெட்டாதீர்கள். அரிவாளை முதலில் உள்ளே வையுங்கள், அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைதான். ஓலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், புள்ளிகள் வழியே வெளிச்சம் தெரிந்தால் பெரும்பாலும் அதுவே. மழை அடித்துக்கொண்டே இருக்கும் மலை மண்ணில் பொட்டாஷ் தங்காது, கரைந்து போய்விடும். மண்ணில் கிடைக்காதபோது பனை தன் கிழட்டு ஓலையிலிருந்து சத்தை உருவிக் குருத்துக்கு அனுப்பும். உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற அந்த நான்கு ஓலைதான் இப்போது மரத்துக்குக் குதிர். அதை வெட்டினால் அடுத்த நான்கில் கை வைக்கும், அதையும் வெட்டினால் அதற்கு மேலே. இப்படி மொட்டையடித்து மொட்டையடித்து, சீவிய பென்சில் மாதிரி கூம்பிப்போன பனைகளை விடுதி வாசல்களில் நிறையப் பார்க்கிறேன். சுத்தமாக வைத்திருக்கிறார்களாம்! ஓலை முழுக்கக் காய்ந்து தொங்கட்டும், அப்போது எடுங்கள். பச்சை வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும் என்பதைத் தென்னை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

19:19:19 வேண்டாம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் கலந்த உரம் அது. அதிலுள்ள தழைச்சத்தை வாரா வாரம் ஊற்றினால் குருத்து வேகமெடுக்கும், அந்த வேகத்துக்கு இன்னும் பொட்டாஷ் கேட்கும், அடி ஓலை இன்னும் சீக்கிரம் போகும். விற்பவர் கையில் எந்தப் பாக்கெட் இருக்கிறதோ அதுதான் எல்லா நோய்க்கும் மருந்து! பொட்டாசியம் சல்பேட் 200 கிராம், கூடவே மெக்னீசியம் சல்பேட் 100 கிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். தூரில் கொட்டாமல், ஓலை நிழல் விழும் வட்டம் முழுக்கத் தூவ வேண்டும். பொட்டாஷை மட்டும் போட்டால் மெக்னீசியம் குறைந்து ஓலையின் ஓரம் மஞ்சளாகும். புள்ளி விழுந்த ஓலை இனி தேறாது. புது ஓலைகள் வந்து இடம் பிடிக்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். எவ்வளவு ஆழத்தில் நட்டார்கள்? லாரியில் வந்த மரம் ஆடும். முட்டுக் கொடுக்கச் சோம்பல்பட்டு, ஓர் அடி கூடுதலாகக் குழிக்குள் இறக்கி, மண்ணை மிதித்துவிட்டுப் போய்விடுவார்கள். பனைக்கு வேர் தூரிலிருந்துதான் கிளம்பும். தூர் புதைந்து, அதன்மேல் மழைத்தண்ணீரும் நின்றால் வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பிறகு எத்தனை கிலோ பொட்டாஷ் போட்டு என்ன? இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். மாதக்கணக்கில் மழை இல்லாத புல்வெளியில் வெயில் காய்கிற சாதி. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உங்கள் ஊர் மேகமூட்டத்தை அது தாங்குவதே பெரிது. கொடைக்கானலில் வைக்கக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

மண்வெட்டி போடாமல் கையாலேயே தூரைச் சுற்றி மண்ணை விலக்குங்கள். நாலைந்து அங்குலத்தில் வேர் கிளம்பும் இடம் தெரிந்தால் மேல்மண்ணை எடுத்துவிடுங்கள். ஓர் அடிக்குமேல் போனால் பெயர்த்து நட ஆசைப்படாதீர்கள், வேரைத் தொட்டால் பிஸ்மார்க் பொறுக்காது. மேட்டுப்பக்கம் வாய்க்கால் எடுத்துத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். பக்கத்தில் சில்வர் ஓக் இருந்தால், காபிக்கு நிழல் கவாத்து செய்யும்போது இதற்கும் வெயிலைத் திறந்துவிடுங்கள்.

இன்னொரு பனை வாங்கும் எண்ணம் இருந்தால் முழங்கால் உயரக் கன்றாகப் பையோடு வாங்குங்கள். பெரிய மரத்தைத் தோண்டும்போது வேரில் பெரும்பகுதி நர்சரி மண்ணிலேயே தங்கிவிடுகிறது, அதை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

இன்றே ஒன்று செய்யுங்கள். நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் மேலே சொன்ன வைத்தியம் செல்லாது. படம் எடுத்து உடனே அனுப்புங்கள்.