ரத்த தானத்தில் தெரிந்த ஹெபடைட்டிஸ் பி, மனைவி 7 மாதம்: என் பதில்

தம்பி, ரத்த தானம் கொடுத்த இடத்தில ‘ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்’னு, அதாவது கல்லீரலைத் தாக்குற வைரஸ் இருக்குன்னு சொல்லிட்டாங்க, மனைவி 7 மாசம், அம்மா தனித்தட்டு வைக்கிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அந்தத் தட்டை உள்ள வைக்கச் சொல்லுங்க. சேர்ந்து சாப்பிட்டா பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாத்தான் பரவும். ஷேவிங் பிளேடு, பிரஷ் மட்டும் தனியா இருக்கட்டும்.

அவசரம் மனைவிக்குத்தான். நாளைக்கே அவங்களுக்கும் டெஸ்ட் எடுங்க. நெகட்டிவ்னா தடுப்பூசி, கர்ப்பத்திலயும் போடலாம். தடுப்பூசி தவணை எல்லாம் முடியற வரை ஆணுறை. பாசிட்டிவ்னா பிரசவம் பார்க்கிற டாக்டர்கிட்ட உடனே சொல்லணும். வைரஸ் அளவு அதிகமா இருந்தா டெனோஃபோவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பாங்க. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கிற ரெடிமேட் ஆன்டிபாடி ஊசி) போட்டாகணும். தாய்ப்பால் தாராளமா தரலாம்.

உங்களுக்கு வைரஸ் டிஎன்ஏ (ரத்தத்தில வைரஸ் அளவு), ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்), வயிற்று ஸ்கேன் எடுக்கணும். 6 மாசம் தாண்டியும் பாசிட்டிவ்னாத்தான் நாள்பட்டதுன்னு அர்த்தம். அப்பவும் எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. எனக்கும் இதே ஹெபடைட்டிஸ் பிதான், 4 வருஷம் வெறும் கண்காணிப்புதான். மாத்திரை ஆரம்பிச்ச பிறகு, ஊர்த் திருவிழாவுக்குப் போய் அது தீர்ந்து நானா ரெண்டு மாசம் விட்டேன். ஏஎல்டி 600க்கு ஏறி, கண்ணு மஞ்சளாகி அட்மிட் ஆனேன்.

கீழாநெல்லி சாப்பிட்டா இது போகுமான்னு கேட்டீங்களே, 1988ல வந்த சென்னை ஆய்வு நம்பிக்கை தந்துச்சு; பின்னாடி வந்த ஆய்வுகள்ல அந்தப் பலன் கிடைக்கல. குடி இருந்தா இன்னைக்கே விடுங்க.