மெயில் போகிறது, போய்ச் சேர மறுக்கிறது

கோவையில் ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவன் நான் என்று போன இதழில் எழுதியதுதான் தாமதம், இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மெயில் சர்வர் பற்றியே. சந்தோஷம். ஒரு வேண்டுகோள் மட்டும்: ‘மெயில் போகலை’ என்று ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள். மில்லில் ‘நூல் அறுகிறது’ என்று மட்டும் சொன்னால் ஃபிட்டர் நகர மாட்டார். எந்த ஃப்ரேம், எந்த ஸ்பிண்டில் என்று கேட்பார். எனக்கு அந்த ஸ்பிண்டில் எண், சர்வர் தன் வேலையைக் குறித்து வைக்கும் லாக் கோப்பின் கடைசி நாலு வரி. மறுத்த சர்வர் ஏன் மறுத்தது என்பதை அநேகமாக அதிலேயே சொல்லியிருக்கும்.

கேள்வி: வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்து, உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்) டவ்காட்டும் (வந்த மெயிலைப் படிக்கத் தரும் மென்பொருள்) போட்டேன். வெளியிலிருந்து என் டொமைனுக்கு மெயில் வருகிறது. இங்கிருந்து வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. லாகில் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்று இருக்கிறது. மூன்று நாளாக போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புகள் உள்ள மெயின்.சி.எஃப். கோப்பை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். (வாசகர், திருப்பூர்)

லாக் வரியை எழுதியதற்கு நன்றி. அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. ‘ரெஃப்யூஸ்டு’ என்று வந்திருந்தால், கதவைத் தட்டினோம், உள்ளே இருந்தவர் விரட்டிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘டைம்டு அவுட்’ என்றால் தட்டிய சத்தமே அங்கே போய்ச் சேரவில்லை.

பெரும்பாலும் சர்வரை வாடகைக்கு விடுகிறவர்களே வெளியே போகும் 25ஆம் போர்ட்டை, அதாவது மெயில் போகும் எண் போட்ட கதவை, அடைத்து வைத்திருப்பார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு சர்வர் எடுத்து, லட்சக்கணக்கில் அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. கூகுள் கிளவுட் பெரும்பாலும் அதைத் திறப்பதில்லை. அமேசான் அடைத்தே தரும், எழுதிக் கேட்டால் திறக்கலாம். உறுதி செய்துகொள்ள, உங்கள் சர்வரில் இருந்தபடியே ஜிமெயிலின் எம்.எக்ஸ். முகவரிக்கு (டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்) 25ஆம் போர்ட்டில் டெல்நெட் செய்து பாருங்கள். ‘220’ என்று தொடங்கும் ஒரு வரி ஓரிரு விநாடியில் வர வேண்டும். வரவில்லையா, போஸ்ட்ஃபிக்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூன்று நாளாக மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிடுங்கள்.

‘587 திறந்துதானே இருக்கிறது, அதிலேயே அனுப்பினால் என்ன?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். 587, 465 இரண்டும் மெயில் வைத்திருக்கும் ஆள் தன் சர்வரிடம், பாஸ்வேர்டு சொல்லி, கடிதத்தை ஒப்படைக்கும் ஜன்னல்கள். சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வது 25இல் மட்டும்தான். ஜிமெயிலின் 587இல் போய் உங்கள் சர்வர் நின்றால், ‘யார் நீ, பாஸ்வேர்டு என்ன’ என்றுதான் கேட்கும்.

ஆக வழி இரண்டு. 25ஐத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால், நம் மெயிலை வாங்கி நமக்காக அனுப்பும் ஏதாவது ஒரு ரிலே சேவையில் கணக்கு வைத்து, போஸ்ட்ஃபிக்ஸின் ‘ரிலேஹோஸ்ட்’ வரியில் அதைக் கொடுங்கள். சேவையின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, பிறகு முக்காற்புள்ளி, 587. அடைப்புக்குறி ஏன் என்றால், அது இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயரின் எம்.எக்ஸைத் தேடிப் போய்விடும். இதை விட்டுவிட்டு ஒரு முழு மதியத்தைத் தொலைத்தவன் நான்.

திறப்பதற்கு முன் ஒரு விஷயம். அந்த மூன்று நாள் மெயில் எதுவும் காணாமல் போகவில்லை, கியூவில் உட்கார்ந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் சும்மா விட்டால் 5 நாள் வரை விடாமல் முயலும். முதலில் சில நிமிட இடைவெளி, போகப்போக அதிகபட்சம் 4,000 விநாடி. அதனால் வழி திறந்ததும் நீங்கள் ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட் 2’, ‘அட போய்த் தொலை’ என்று அனுப்பிப் பார்த்ததெல்லாம் அடுத்தடுத்துப் போய்ச் சேரும். ‘மெயில்க்யூ’ கட்டளையால் முதலில் பட்டியலைப் பாருங்கள். வேண்டாததைத் தூக்குங்கள், அப்புறம் திறங்கள்.

கேள்வி: மெயில் உண்மையாகவே எங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் போட்டாயிற்று. சோதனை செய்தால் எல்லாம் பச்சை. ஆனாலும் ஜிமெயிலுக்குப் போகும் மெயிலில் சிலது போகிறது, சிலது திரும்பி வருகிறது. அதே ஆளுக்கு, அதே கடிதம்! ஒரு ஒழுங்கும் புரியவில்லை. (வாசகர், மதுரை)

ஒழுங்கில்லை என்பதுதான் இங்கே துப்பு. திரும்பி வந்த மெயிலில் ‘பி.டி.ஆர்.’ என்ற மூன்றெழுத்து எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் சர்வருக்கு இரண்டு ஐ.பி. முகவரி (இணையத்தில் அதன் எண்) இருக்கிறது. நீங்கள் கவனித்தது பழைய பாணி ஐபிவி4 ஒன்றை. வாடகைக்கு விட்டவர் கேட்காமலே ஐபிவி6 ஒன்றும் கொடுத்திருப்பார். இரண்டும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் எதில் வேண்டுமானாலும் கிளம்பும், அதன் இயல்பே அப்படி. நாலில் போனால் சேரும், ஆறில் போனால் திரும்பும். காரணம், ஐபிவி6இல் வருகிற சர்வருக்கு பி.டி.ஆர். பதிவு இல்லையென்றால் ஜிமெயில் ஏற்காது. பெயரைச் சொன்னால் ஐ.பி. எண் கிடைப்பது சாதாரணப் பதிவு. எண்ணைச் சொன்னால் பெயர் கிடைப்பது பி.டி.ஆர். இரண்டும் ஒன்றையொன்று காட்ட வேண்டும். சர்வர் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறதோ அதுவும் அதே பெயராக இருந்தால் நல்லது.

இதைப் போடுவது டொமைன் விற்றவர் கையில் இல்லை. ஐ.பி. எண்ணைக் கொடுத்தவர் கையில்தான் இருக்கிறது. நான் டொமைன் விற்ற ஒரு நிறுவனத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். அவர்களும் ‘24 மணி நேரம் பொறுங்கள் சார்’ என்று தினமும் சொன்னார்களே தவிர, ‘இது எங்கள் வேலையே இல்லை’ என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஐபிவி6க்கும் பி.டி.ஆர். வாங்கி, உங்கள் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பட்டியலான எஸ்.பி.எஃபிலும் அந்த எண்ணைச் சேருங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸில் ‘இனெட் புரோட்டோகால்ஸ்’ என்ற வரியில் ஐபிவி4 மட்டும் என்று எழுதிவிடுங்கள். தூய்மைவாதிகள் திட்டுவார்கள், திட்டட்டும். எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம் என்பதையும் ஒரு தடவை சரிபாருங்கள். பில் அனுப்பும் மென்பொருள்காரர் சொன்னார் என்று இரண்டாவதாக ஒன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது.

இதெல்லாம் முன்பு ‘செய்தால் நல்லது’ ரகம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கறாராகிவிட்டன. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவருக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம்.

கேள்வி: 8 எம்.பி. பி.டி.எஃப். போக மாட்டேன் என்கிறது. எல்லை 10 எம்.பி. என்றுதானே போட்டிருக்கிறது? (வாசகி, சிவகாசி)

மெயிலில் கோப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகும். மூன்று பைட் நாலாகும். உங்கள் 8, வழியில் 10.6ஐத் தாண்டிவிடும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான எல்லை 1,02,40,000 பைட். ‘மெசேஜ் சைஸ் லிமிட்’ வரியில் கூட்டிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பக்கமும் ஒரு எல்லை இருக்கும். கேலண்டர் டிசைன் என்றால் பேசாமல் லிங்க் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்காகத் தமிழில் மெயில் அனுப்ப பி.எச்.பி.யில் ஒரு நிரல் எழுதினேன். உள்ளடக்கம் சரியாக வருகிறது. தலைப்பில் மட்டும் நடுவே கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. அதுவும் ஆண்டு எண் சேர்த்த நீளமான தலைப்புகளில்தான் வருகிறது. (வாசகர், யாழ்ப்பாணம்)

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் உட்கார்ந்து எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெயிலின் தலைப்பு வரி வெறும் ஆங்கில எழுத்துக்காகப் பிறந்தது. தமிழ் அதில் மாறுவேடத்தில்தான் போகும். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘பொங்கல்’ என்ற சொல்லில் பகரம், ஒகரக் குறி, ஙகரம், புள்ளி, ககரம், லகரம், புள்ளி என்று 7 குறிகள், 21 பைட். அதை பேஸ்64 முறையில் மாற்றினால் 28 ஆங்கில எழுத்து. இப்படி மாற்றிய துண்டு ஒன்று, தன் தலை வால் எல்லாம் சேர்த்து 75 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் துண்டுக்கு 15 தமிழ்க் குறிதான் கொள்ளும். நீளமான தலைப்பை வெட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் நிரல் முழுத் தலைப்பையும் மாற்றிவிட்டு, பிறகு கத்திரிக்கோல் வைக்கிறது. இடைவெளியே இல்லாத தமிழ் என்றால் அது தற்செயலாகச் சரியாக விழும். பேஸ்64 மூன்று மூன்று பைட்டாகத்தான் எடுக்கும், தமிழ்க் குறியும் மூன்று பைட், ஆகவே நாலின் மடங்கில் எங்கே வெட்டினாலும் குறி முழுசாக நிற்கும். ஆனால் எண்ணும் இடைவெளியும் ஒரு பைட்தான். ‘2025’ என்று நடுவில் வந்ததும் கணக்கு நகர்ந்து, அடுத்த வெட்டு ஒரு குறியின் வயிற்றில் விழலாம். அந்த அரைக்குறிதான் உங்கள் கறுப்பு வைரம். சில செயலிகள் துண்டுகளை ஒட்டிவிட்டுப் படிக்கும், அதனால் அவற்றில் பிழை தெரியாது. ‘என் ஃபோனில் நன்றாக இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள்.

முதலில் குறி உடையாமல் வெட்டி, பிறகு துண்டு துண்டாக மாற்ற வேண்டும். நீங்களே எழுத வேண்டியதில்லை, பி.எச்.பி.மெயிலர் நூலகத்திடம் கொடுத்துவிடுங்கள். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருக் காலத்தில் தமிழில் மெயில் அனுப்பிவிட்டு, எந்த ஃபான்ட் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஃபோனில் சொல்வோம். அதற்கு விஷயத்தையே ஃபோனில் சொல்லியிருக்கலாம்.

கேள்வி: காலையில் பார்த்தால் கியூவில் 38,000 மெயில். நாங்கள் எதுவும் அனுப்பவில்லை. என்ன செய்வது? (வாசகர், கரூர்)

முதலில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நிறுத்திவிட்டீர்களா? லாகில் ‘சாஸ்ல் யூசர்நேம்’ (பாஸ்வேர்டு கொடுத்து அனுப்பியவரின் பெயர்) என்று தேடுங்கள். ஒரே பெயர் ஆயிரக்கணக்கில் வந்தால் அந்த ஆளின் பாஸ்வேர்டு போய்விட்டது. அதை உடனே மாற்றுங்கள். அந்தப் பெயரே இல்லாமல், ‘பிக்கப்’ வரிகளில் (சர்வருக்குள்ளேயே ஒப்படைத்த மெயில்) யு.ஐ.டி., அதாவது பயனர் எண், 33 என்று வந்தால், உபுண்டுவில் அது வெப் சர்வரின் எண். உங்கள் வலைத்தளத்துக்குள் யாரோ நிரல் நுழைத்திருக்கிறார்கள்.

எங்கள் மில்லில் இது நடந்தது டிஸ்பேட்ச் பிரிவின் கணக்கில். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரோடு 123. அப்படி வைத்துக் கொடுத்தவன் நானே என்பதால் யாரையும் கோபிக்க முடியவில்லை. ஸ்பேம் அனுப்பும் ஐ.பி. எண்களைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹவுஸின் பட்டியலில் எங்கள் ஐ.பி. ஏறிவிட்டது. கண்டெய்னர் கிளம்பிவிட்டது, அதன் பேப்பர்கள் பையருக்குப் போகவில்லை. மேனேஜர் என் மேஜை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கியூவை மொத்தமாக அழிக்கும் கட்டளை ஒன்று உண்டு. கை அரிக்கும், வேண்டாம். அந்த 38,000க்குள் உங்கள் உண்மையான மெயிலும் பத்து இருபது இருக்கும். அனுப்பியவர் பெயரை வைத்துப் பிரித்து அழியுங்கள். ஓட்டையை அடைத்த பிறகே பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். அடைக்காமல் விண்ணப்பித்தால் மறுபடி ஏற்றுவார்கள், அடுத்த முறை கேட்கவே கூச்சமாக இருக்கும்.

கேள்வி: தமிழ் எழுத்திலேயே மெயில் முகவரி வைக்க முடியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

முடியும். அதற்கான விதிமுறை 2012லேயே வந்துவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் ஏற்கிறது. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று டொமைன் முடிவுகளும் தமிழில் இருக்கின்றன. ஆனால் அனுப்புகிறவர் சர்வரும் ஏற்க வேண்டும். வலைப் படிவங்கள் பலவும் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் காட்டும். பக்கத்தில் ஒரு ஆங்கில முகவரியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டு இணைப்பில், பழைய லேப்டாப்பில் மெயில் சர்வர் நடத்தலாமா? (வாசகர், நாகர்கோவில்)

அனுப்ப வேண்டாம். வீட்டு இணைப்புகளின் ஐ.பி. எண்களை ‘இங்கிருந்து நேரடியாக மெயில் வரக் கூடாது’ என்று ஸ்பேம்ஹவுஸ் தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. வாங்குவதற்கு மட்டும் என்றால் நடத்தலாம். என் வீட்டில் ஒன்று ஓடுகிறது. நிலையான ஐ.பி.க்குக் கூடுதலாகக் கட்டுகிறேன், அனுப்புவது ரிலே வழியாக. கரண்ட் போனால் பயமில்லை, திருப்பூர்க்காரருக்குச் சொன்னேனே அந்த 5 நாள் கணக்கு, அது இங்கே நமக்குச் சாதகம். போன ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்ததும் காத்திருந்த 17 மெயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தன. பதினாறு விளம்பரம். ஒன்று, கரண்ட் பில்.