சுவரை விட்டதும் தலைகீழாகக் கைகளில் நிற்க முடியவில்லையே, பலம் போதாதா?

சுவரில் கால் சாய்த்தால் ஒரு நிமிடம், விட்டால் இரண்டு நொடிகூட இல்லை என்கிறீர்கள். ஒரு நிமிடம் தாங்குகிறீர்களே, பலமெல்லாம் இருக்கிறது. பழகாதது மணிக்கட்டும் விரல்களும்தான்.

சாதாரணமாக நிற்கும்போது முன்னே சரிந்தால் கால்விரல்கள் தாமாகவே நிலத்தை அழுத்தும், கவனித்திருக்கிறீர்களா? தலைகீழாக நின்றால் அந்த வேலை கைவிரல்களுக்கு. உடலின் எடைமையம் உள்ளங்கையின் அடிக்கும் விரல்நுனிக்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன இடத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். கால்கள் முதுகுப் பக்கம் போனால் விரல்நுனிகளால் தரையைப் பிறாண்டுவதுபோல் அழுத்துங்கள். வயிற்றுப் பக்கம் திரும்பி விழப்போனால் உள்ளங்கையின் அடியால் அழுத்த வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் பிடிமானம் குறைவு, அதனால் எடையைக் கொஞ்சம் விரல்பக்கமாகவே வைத்திருப்பது நல்லது. பார்வை இரு கைகளுக்கும் நடுவே இருக்கட்டும். கண்ணை மூடினால் ஆட்டம் கூடும்.

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் மட்டும் தொடங்காதீர்கள். நான் அங்கேதான் தொடங்கி, கரையோரமாக ரயில் போகும்போதெல்லாம் வெட்கப்பட்டு, ஒரு மாதத்தை வீணாக்கினேன். விரல் கொடுக்கும் அழுத்தத்தை மணல் விழுங்கிவிடும். வீட்டுச் சீமெந்துத் தரையே போதும். அப்புறம், முதுகுப் பக்கம் விழப்போனால் ஒரு கையை எடுத்து வைத்து, உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் இறங்கவும் பழகிக்கொள்ளுங்கள், அது வரும்வரை சுவரை விடவேண்டாம்.